கோல் முன்னே பதறும் மகன்

கேள்வி: நாங்கள் வியாசர்பாடியில் வசிக்கிறோம். 14 வயதாகும் என் மகன் பள்ளிக் கால்பந்து அணியில் ஸ்ட்ரைக்கராக, அதாவது கோல் போடும் முன்வரிசை வீரனாக ஆடுகிறான். பயிற்சியில் வரிசையாகக் கோல் போடுபவன், போட்டி என்று வந்துவிட்டால் பந்தைக் கம்பத்துக்கு மேலே தூக்கி அடிக்கிறான். இல்லையேல் நேராகக் கோல்கீப்பர் கையில் கொடுத்துவிடுகிறான். மைதானத்தின் ஓரத்தில் நின்று அவன் அப்பா சத்தம் போடுகிறார். வீட்டுக்கு வந்தால் அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை. அவனுக்குத் துணிச்சல் போதவில்லையா? கோலைக் காக்கும் டிஃபென்ஸுக்கு மாற்றிவிடும்படி கோச்சிடம் சொல்லலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனின் துணிச்சலில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. துணிச்சல் இல்லாத பையன் பந்து தன்னிடம் வராத இடமாகப் பார்த்து ஒதுங்கி நிற்பான். உங்கள் மகனோ ஒவ்வொரு முறையும் கோல் முன்னே வந்து நிற்கிறான், அதனால்தான் தவறவிடுவதற்கும் அவனுக்கு வாய்ப்புகள் இருக்கின்றன. தொழில்முறை ஆட்டத்திலேயே அடிக்கப்படும் பத்து ஷாட்டுகளில் ஏறத்தாழ ஒன்றுதான் கோலாகிறது என்பதை அவனுக்கும், முக்கியமாக அவன் அப்பாவுக்கும் சொல்லுங்கள்.

பயிற்சியில் கோல் போடுபவன் போட்டியில் பதறுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கிறது: பந்து காலுக்கு வந்த பிறகே அவன் கோல்கீப்பரைத் தேடத் தொடங்குகிறான். ஒருவர் பின் ஒருவராக நின்று அடிக்கும் பயிற்சியில் பந்து எந்தப் பக்கமிருந்து வரும், எப்போது அடிக்க வேண்டும் என்பதெல்லாம் முன்பே தெரியும். துரத்தி வருபவரும் இல்லை. போட்டியில் இவற்றில் எதுவும் தெரியாமல், பின்னால் ஒரு டிஃபெண்டரின் மூச்சும் கேட்கும்போது, எவருடைய காலும் பந்தை ஓங்கி உதைக்கத்தான் செய்யும். ஆகவே 'நிதானமாக அடி' என்று சொல்வதால் மட்டும் நிதானம் வந்துவிடாது. பந்து வந்து சேர்வதற்கு முன் இரண்டு முறையாவது தலையை உயர்த்தி, கோல்கீப்பர் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பார்க்கப் பழகியவனுக்கு, அடிக்கும் நொடியில் முடிவெடுக்க வேண்டிய சுமை பாதியாகக் குறைந்துவிடும்.

பந்து மேலே பறப்பதற்கு உடலிலும் காரணம் உண்டு. ஊன்றும் கால் பந்துக்குப் பின்தங்கிப்போய், உடல் பின்பக்கம் சாய்ந்தால் பந்து எழும்பத்தான் செய்யும். ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்திலேயே, குறிவைக்கும் திசையை நோக்கி இருக்கட்டும். வட சென்னையின் சந்துகளில் இரண்டு கற்களை வைத்து ஆடும் பிள்ளைகள், குறுக்குக் கம்பமே இல்லாததால், பந்தைத் தரையோடு தள்ளித்தான் கோல் போடுகிறார்கள். உங்கள் மகனும் அப்படி ஆடி வளர்ந்தவனாகத்தான் இருப்பான். 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் கொண்ட முழு அளவுக் கோலைப் பார்த்ததும் அந்த நல்ல பழக்கத்தைக் கைவிட்டுப் பலத்தை நம்பத் தொடங்குகிறான் என்று எண்ணுகிறேன். கோல்கீப்பருக்குக் கைக்கெட்டும் உயரத்தில் வரும் பந்தைவிட, காலருகே தரையோடு விரையும் பந்தைத் தடுப்பது கடினம். அதிலும் அடிப்பவனுக்கு எட்டத்தில் இருக்கும் தூரக் கம்பத்தை நோக்கித் தாழ்வாக அடித்தால், அவர் தட்டிவிட்டாலும் பந்து பல நேரங்களில் சக வீரரின் காலுக்கு வந்து சேரும்.

சென்னையைச் சேர்ந்த கால்பந்து வீரர் நந்தகுமார் சேகர், 2023 டூரண்ட் கோப்பைப் போட்டியில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் அணிக்குப் பெற்றுத்தந்த வெற்றி கோலை அவனுக்குக் காட்டுங்கள். எதிரே நின்றவரை உள்பக்கமாக வெட்டிக் கடந்து, தனக்கு இடம் கிடைத்த பிறகே அவர் பந்தைத் தூர மூலைக்கு வளைத்து அனுப்பினார்.

இனி பயிற்சி. ஒரு நண்பன் வெவ்வேறு பக்கங்களிலிருந்து பாஸ் கொடுக்கட்டும். இன்னொருவன் இரண்டு மூன்று மீட்டர் பின்னாலிருந்து துரத்தட்டும். கோல்கீப்பராக நிற்பவன் பந்து வந்துகொண்டிருக்கும்போதே ஏதாவது ஒரு கையை உயர்த்த, எந்தக் கை என்று உங்கள் மகன் உரக்கச் சொல்லிவிட்டு அடிக்க வேண்டும். கையைப் பார்க்காமல் அடித்த கோல் கணக்கில் சேராது. மேடுபள்ளமான மண் மைதானத்தில் பந்து தாறுமாறாகத் துள்ளும் என்பதால், முதல் தொடுதலிலேயே அதைக் காலடியில் சிக்கவிடாமல் அரையடி முன்னே தள்ளிவைத்துக்கொள்ளவும் அவன் பழக வேண்டும். வாரத்தில் மூன்று மாலைகள், ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் போதும். வளரும் வயதில் தொடையிடுக்கிலோ முழங்காலிலோ வலி என்றால் அன்றே நிறுத்திவிடுங்கள்.

அவன் அப்பாவிடம் ஒரு வேண்டுகோள். ஓரத்திலிருந்து நீங்கள் 'அடி, அடி' என்று கத்துவது, அவன் தலையை உயர்த்திப் பார்க்க வேண்டிய அதே நொடியில்தான் அவன் காதில் விழுகிறது. பாசத்தால் கத்துகிறீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் ஆட்டம் முடியும்வரை பேசாமல் நில்லுங்கள்.

இப்போதைக்கு டிஃபென்ஸுக்கு மாற்ற வேண்டாம், சகோதரி; கோச்சிடம் பேசி இந்தப் பருவம் முழுவதும் முன்வரிசையிலேயே ஆடவிடச் சொல்லுங்கள். போட்டி முடிந்து வரும் மகனிடம் எத்தனை கோல் என்று கேட்காமல் முதலில் சாப்பாடு போடுங்கள். அவனாகப் பேச்செடுத்தால், அடிக்கும்போது கோல்கீப்பர் எங்கே நின்றார் என்று மட்டும் கேளுங்கள். அதற்கு அவன் தயங்காமல் பதில் சொல்லும் நாள் வந்துவிட்டால், அன்று அவன் கோல் போடாமலே வந்திருந்தாலும், பயிற்சி வேலை செய்கிறது என்று நம்பலாம்.