500 மீட்டர் விதி மீனவரைக் காக்கிறதா, கட்டிப்போடுகிறதா?

கடலூரில் கடலிலிருந்து 500 மீட்டருக்குள் எதையும் கட்ட விடமாட்டார்களாமே, இது மீனவரைக் காக்கிற சட்டமா, கட்டிப்போடுகிற சட்டமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடலூரின் மீனவ ஊரான தேவனாம்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: காக்கிற சட்டம்தான். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து வருகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

500 மீட்டர் முழுவதும் தடை கிடையாது. அதற்குள் கட்ட அனுமதி வேண்டும், அவ்வளவுதான். உண்மையான தடை ஊர்ப்புறக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது ஏற்றத்தின்போது கடல் நீர் எட்டும் எல்லையிலிருந்து, 200 மீட்டர் வரை. ஒன்றிய அரசின் 1991 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையிலிருந்து இருந்துவந்த இந்த அளவை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊர்ப்புறங்களில் 50 மீட்டராகக் குறைக்க 2019 அறிவிக்கை வழிசெய்துவிட்டது.

இடையில் போகும் அந்த 150 மீட்டரில்தான் எங்கள் பிழைப்பே இருக்கிறது. படகை ஏற்றி வைப்பதும் வலையைப் பிரித்து உலர்த்துவதும் அங்கேதான். அம்மா பழைய வலையை மணலில் விரித்து நெத்திலி காயவைப்பார்; மதிய வெயிலில் ஒருமுறை புரட்டிப் போடாவிட்டால் அடிப்பக்கம் நசநசத்துவிடும். மனை பார்க்க வருபவர்களுக்கு அது சும்மா கிடக்கும் மணல்.

மணல் போனால் என்ன ஆகும் என்பதைப் புதுச்சேரிக்கு வடக்கே பார்க்கலாம். இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் அதை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை அரித்தது. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய இடத்தை விட்டு அரிப்பு இன்னும் வடக்கே, கோட்டக்குப்பம் பக்கம் நகர்ந்தது. அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் சின்னம்மா இப்போது தார்ச் சாலை ஓரத்தில் கருவாடு காயவைக்கிறார். பஸ் போகும்போதெல்லாம் புழுதி படிகிறது. இத்தனைக்கும் அவர் கடலருகே ஒரு செங்கல்கூட வைத்தவரில்லை.

ஆகவே விதியைத் திட்டுவதைவிட வரைபடத்தைப் பாருங்கள். இந்த எல்லைகளைக் குறிக்கும் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் மீனவ ஊர்களின் பொது இடங்களையும் காட்ட வேண்டும் என்று அறிவிக்கையே சொல்கிறது. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு அந்த வரைபடத்தின் வரைவை விரித்துக் காட்டினேன். வலை பின்னும் கொட்டகை எங்கே என்று விரலால் தேடினார். அந்த இடம் வெறுமையாக இருந்தது. உங்கள் ஊரிலும் அப்படி இருந்தால், கருத்துக் கேட்புக் கூட்டத்தில் புல எண்ணை (சர்வே நம்பர்) குறிப்பிட்டு எழுத்தில் ஆட்சேபணை கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.