நாவல் எழுதுகிறவர்களின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? தையல் போன்ற பொழுதுபோக்குகள் படைப்பூக்கத்துக்கு உதவுமா?

கேள்வியில் 'பொழுதுபோக்கு' என்ற சொல் இல்லாமல் இருந்திருந்தால் நான் இதற்குப் பதில் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். கேட்டவர் ஏதோ ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு நாவலின் முதல் நாற்பது பக்கங்களை எழுதி முடித்துவிட்டு, மேற்கொண்டு நகராமல் நிற்கிறார் என்று ஊகிக்கிறேன். ஊகம் தவறானால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில் இருந்துகொண்டு நாவல் எழுதுகிறேன், துணியும் தைக்கிறேன். இவற்றில் எது பொழுதுபோக்கு என்பதை முதலில் தீர்த்துவிடலாம்.

என் முதல் நாவல் 300 பிரதிகள் அச்சிடப்பட்டது. விலை 250 ரூபாய். ஒப்பந்தப்படி எனக்குப் பத்து சதவீதம். ஒரு பிரதி பாக்கியில்லாமல் விற்றுத் தீர்ந்தாலும் எனக்கு வர வேண்டியது 7,500 ரூபாய். லைனிங் வைத்த பிளவுஸ் ஒன்றுக்கு நான் 400 ரூபாய் கூலி வாங்குகிறேன். ஆக, மூன்று ஆண்டுகள் எழுதிய நாவலின் மதிப்பு ஏறத்தாழ 19 பிளவுஸ். அந்தத் தொகையும் இன்றுவரை என் கைக்கு வந்து சேரவில்லை. பதிப்பகத்தின் பெயரை எழுதி வம்பை விலைக்கு வாங்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் கூலி பாக்கி வைத்த வாடிக்கையாளர்கூட என்னைத் தெருவில் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போவார். பதிப்பாளரோ அடுத்த நாவல் எப்போது வரும் என்று கேட்டார். எனவே கணக்குப்படி பார்த்தால் தையல் தொழில், நாவல்தான் பொழுதுபோக்கு.

அன்றாடம் என்று கேட்டால், என் நாள் அதிகாலை நாலு மணிக்குத் தொடங்குகிறது. அது எழுத்தாளருக்குரிய ஒழுங்கு என்று எண்ணிவிட வேண்டாம். என் கணவர் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர். வெயில் ஏறுவதற்கு முன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் அவர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே கிளம்பிவிடுவார். அவருக்குக் கட்டன்சாயா (பால் சேர்க்காத டீ) போட்டுக் கொடுத்த பிறகு, மாமியும் பிள்ளைகளும் எழுந்திருக்கும் ஆறு மணி வரை வீடு என்னுடையது. துணி வெட்டும் மேஜையிலேயே நோட்டை விரித்து எழுதுவேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. பிறகு சமையல், பள்ளிக்கூடம், ஒன்பதரை மணியிலிருந்து தையல். மே மாதக் கடைசியில் பள்ளிச் சீருடைகள், ஆவணியில் கல்யாண பிளவுஸ்கள், நவம்பர் பிறந்துவிட்டால் கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் புதுத்துணிகள். அந்த மாதங்களில் ஒரு வரி எழுதினாலும் பெரிய காரியம்.

உந்துதல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு என்னிடம் அழகான பதில் இல்லை. அளவு நோட்டு இருக்கிறது. அளவெடுக்கும்போது எந்தப் பெண்ணின் இரண்டு தோள்களும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. இருபது ஆண்டுகள் ஒரே பக்கமாகக் குடம் சுமந்தவருக்கு ஒரு தோள் கால் அங்குலம் தாழ்ந்திருக்கும். பீடி சுற்றியவருக்கு முதுகு முன்னோக்கி வளைந்திருப்பதால் பின்பக்க நீளத்தைக் கூட்டிப் போட வேண்டும். ஒருவர் தம் வாழ்க்கையைப் பற்றி என்ன சொன்னாலும் டேப் வேறொன்றைச் சொல்லும். வாடிக்கையாளர்களின் கதைகளைத் திருடி எழுதுகிறாள் என்று உடனே ஒருவர் கிளம்பி வருவார் என்று தெரியும். யாருடைய கதையையும் நான் எழுதியதில்லை. அந்தக் கால் அங்குலத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். என் பாத்திரங்கள் எல்லோருக்கும் தோள் அளவு உண்டு. தோள் அளவு தெரியாத பாத்திரத்தால் என் கதைக்குள் நடந்து வர முடிவதில்லை.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். என் இரண்டாவது நாவல் இந்த மாவட்டத்தின் பழைய கதை ஒன்றை ஒட்டியது. நாகர்கோவிலில் 1820களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மால்ட் பாதிரியாரின் மனைவி மார்த்தா மால்ட், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற வேலை அது. அன்று இந்த மாவட்டம் சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அடிமை முறை 1855இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொண்டு தம்மை மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்தார்கள். அதே காலத்தில்தான் நாடார் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணியும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டமும் நடந்தது. என் நாவலில் அக்காள் தங்கை இருவர். அக்காள் லேஸ் பள்ளியில் இருக்கிறாள். தங்கை வயல் வேலைக்குப் போகிறாள். 140 பக்கம் எழுதிய பிறகு நாவல் நின்றுவிட்டது. இருவரும் வரும் எந்த இடத்தையும் என்னால் வாசிக்க முடியவில்லை. ஏன் என்றும் விளங்கவில்லை. நாலு மாதம் அந்த நோட்டைத் திறக்கவே இல்லை.

அந்தச் சமயத்தில் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் தம் மகளின் கல்யாணத்துக்காக ஒரு பழைய பட்டுப்புடவையைக் கொண்டுவந்தார். இறந்துபோன தாயாரின் புடவை. மடித்த மடிப்புகளில் இற்றுப்போயிருந்தது. நல்ல இடங்களைப் பார்த்து வெட்டி மணப்பெண்ணுக்கு ஒரு பிளவுஸ் தைக்க வேண்டும். "அக்கா, இது எங்க அம்மைக்க சாரி. வேற துணி கெடையாது, பாத்துக்கிடுங்க" என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார்.

தைக்கத் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். பிளவுஸின் இரண்டு கைகளும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றல்ல. கைக்குழியில் பொருந்துகிற மேல்வளைவை முன்பக்கத்தில் பின்பக்கத்தைவிட அரை அங்குலம் அதிகமாகக் குடைந்து வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் அக்குளுக்கு முன்னால் துணி சுருங்கி நிற்கும். அதனால் இடக்கையும் வலக்கையும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒன்றுக்கொன்று எதிராக இருக்க வேண்டும். வழக்கமாகத் துணியை மடித்துப்போட்டு இரண்டையும் ஒன்றாக வெட்டுவதால் இதை யோசிக்க வேண்டிய தேவையே வராது. அந்தப் புடவையில் மடித்து வெட்ட இடமில்லை. இற்றுப்போகாத ஒரு மூலையில் ஒரு கை, வேறொரு மூலையில் இன்னொரு கை என்று காகித அளவை வைத்துத் தனித்தனியாக வெட்டினேன். இரண்டாவது கையை வெட்டும்போது காகிதத்தைத் திருப்பிப் போட மறந்துவிட்டேன்.

இரவு பதினொரு மணிக்கு, உடம்புத் துணியோடு கையைச் சேர்க்கிறபோதுதான் அது தெரிந்தது. இரண்டும் இடக்கை. சாதாரணப் பருத்தித் துணியானால் உள்ளை வெளியாக்கிப் போட்டுத் தப்பித்திருக்கலாம். சரிகைக் கரையின் உள்பக்கமோ நூல் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. முப்பது ஆண்டுகளாக மிஷின் மிதிக்கிறவள் முதல் மாதம் பழக வந்த பெண்போலத் தவறு செய்திருக்கிறேன் என்று தலையில் கையை வைத்து உட்கார்ந்திருந்தேன். மேஜையில் இரண்டு கைகளும் அடுத்தடுத்துக் கிடந்தன, இரண்டும் ஒரே பக்கம் வளைந்து. அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் அந்த அக்காள் தங்கை நினைவுக்கு வந்தார்கள். இருவரையும் ஒரே காகிதத்தை வைத்து வெட்டியிருக்கிறேன். இருவருக்கும் ஒரே கோபம், ஒரே திசையில். அக்காள் பேச வேண்டியதைத் தங்கை பேசினாலும் வாசிக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் வெளியிட்ட அறிவிப்பு, நாடார் பெண்கள் கிறிஸ்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் என்னும் தைத்த சட்டை அணியலாம், மீன்பிடிக்கும் முக்குவப் பெண்களைப் போல முரட்டுத்துணியைச் சுற்றிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் அணியக்கூடாது என்றது. இந்த அறிவிப்பை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். என் நாவலின் கடைசிப் பகுதியே அதுதான். அந்த வாக்கியத்தில் இருக்கும் 'ஆனால்' என்ற சொல்லை அன்றிரவுதான் கண்டேன். அக்காளுக்கு வாக்கியம் அந்தச் சொல்லுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. அவள் தைத்த குப்பாயத்தை அவள் போடலாம். அது அவளுக்கு வெற்றி. தங்கைக்கு வாக்கியம் அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. அவள் கேட்டது ஏதோ ஒரு துணி அல்ல, அதே துணி. ஊர் விளக்கேற்றிக் கொண்டாடுகிற நாளில் அவள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. இதை எழுதத் தொடங்கியபோது விடிந்திருந்தது. சாயா போடவில்லை. என் கணவர் ஒன்றும் கேட்காமல் தாமே போட்டுக் குடித்துவிட்டுப் போய்விட்டிருந்தார்.

பிளவுஸ் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தவறாகக் குடைந்த வளைவுக்கு, புடவையின் முந்தியிலிருந்து பிறைபோல ஒரு துண்டு வெட்டி அக்குள் பக்கம் ஒட்டுக் கொடுத்தேன். எதிர்ப்பக்கத்தைப் புதிதாகக் குடைந்தேன். ஒன்றரை நாள் வேலை. வாங்க வந்த பெண்ணிடம் உண்மையைச் சொல்லிக் கூலி வேண்டாம் என்றேன். அவர் ஒட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "கை பொக்கினாத்தானே தெரியும்? கல்யாணத்தன்னைக்கு அவ எதுக்கு கை பொக்கப் போறா" என்று சொல்லி (பொக்குவது என்றால் தூக்குவது) 300 ரூபாயை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். என்னை இதுவரை விமரிசித்தவர்களில் அவரளவுக்குப் பெருந்தன்மை காட்டியவர் இல்லை.

தையலையும் எழுத்தையும் ஒப்பிடுவது பெண்கள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த உவமை என்று ஒருவர் எழுதப் போகிறார், அவருக்கும் சொல்லிவிடுகிறேன். நான் ஒப்பிடவில்லை. நாவல் ஓர் ஆடை என்றோ சொற்கள் நூல் என்றோ எங்காவது சொன்னேனா? தவறாக வெட்டிய இரண்டு கைகள் என் மேஜையில் கிடந்தன என்றுதான் சொன்னேன். எழுத்தாளர் சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் துணிக்கடை நடத்தினார். நாவலாசிரியர் தோப்பில் முகமது மீரான் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்தார். அவர்களிடம் யாரும் அந்தக் கடைகளைப் பொழுதுபோக்கு என்று சொல்லியிருப்பார்களா? ஒரு கூட்டத்தில் என்னை 'வீட்டிலிருந்தபடியே எழுதும் சகோதரி' என்று அறிமுகப்படுத்தினார்கள். அன்று நான் கட்டியிருந்த புடவைக்கு ஓரம் அடித்தது, மேடையில் இருந்த அம்மையார் ஒருவரின் பிளவுஸைத் தைத்தது எல்லாம் நான்தான். சரி, அது கிடக்கட்டும்.

தைக்கப் பழகினால் உங்கள் நாவல் நகரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். பல நாட்களில் தையல் என் நேரத்தைத் தின்பது மட்டும்தான் நடக்கிறது. அந்த நாலு மாதம் நோட்டைத் திறக்காமல் இருந்தபோது நான் அழுததுண்டு. என் கணவர் எழுத்தைப் பற்றிச் சொன்ன ஒரே சொல் அப்போது சொன்னதுதான்: "தெனமும் வெட்டினா மரத்துக்குப் பட்டமரப்பு வந்திரும். நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தானே வெட்டுதேன்?" ரப்பர் மரத்தை ஓய்வில்லாமல் வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும், அதைத்தான் பட்டமரப்பு என்பார்கள். ஆனால் வெட்டாத நாளிலும் அவர் தோட்டத்துக்குப் போவார். பால் வடியும் சிரட்டைகளைச் சரிசெய்வார், இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கும் முன் மரங்களுக்குப் பிளாஸ்டிக் கட்டுவார், கத்தி தீட்டுவார். நீங்கள் நின்றுபோன நாற்பது பக்கத்துக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: எழுதாத நாளில் அந்த நோட்டுக்கு அருகில் கைக்கு ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள், மனம் அதில் முழுதாகப் போய்விடாத வேலையாக. காஜா எடுப்பது (பொத்தான் துளையைச் சுற்றித் தைப்பது), ஹெம்மிங் செய்வது (ஓரத்தை மடித்துத் தைப்பது) இரண்டும் அதற்கு நன்று. வெட்டுகிற வேலை கூடாது. வெட்டும்போது கவனம் தவறினால் என்ன ஆகும் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

மிஷின் வாங்குவதாக இருந்தால் மிதி வைத்ததையே வாங்குங்கள். மோட்டாரைப் பிறகுகூடப் பொருத்திக்கொள்ளலாம். எங்கள் பக்கம் மழை பிடித்துவிட்டால் மின்சாரத்தை நம்ப முடியாது.