சக்கரங்களின் மேல் ஓய்வுக்காலம்: மோட்டார்ஹோம் வாழ்க்கை பற்றிய கேள்வி-பதில்

அமெரிக்காவில் பணி ஓய்வு பெற்றபின், ஆர்வி என்று நாம் சுருக்கமாக அழைக்கும், வீட்டு வசதிகள் கொண்ட மோட்டார்ஹோம் வண்டியில் ஊர் ஊராகச் சென்று வாழ விரும்பும் தமிழ்த் தம்பதியர் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எங்கே போகலாம் என்று எவரும் கேட்கவில்லை. பணம், மருத்துவம், சமையல், கழிவறை ஆகியவற்றைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியவையும் அவைதாம்.

எனக்கு வயது 66, மனைவிக்கு 62. நியூஜெர்சி வீட்டை விற்று, 40 அடி நீளமுள்ள கிளாஸ் ஏ வண்டி ஒன்றை வாங்கி அதிலேயே நிரந்தரமாக இருந்துவிடலாம் என்று நினைக்கிறேன். மனைவி தயங்குகிறார். தங்கள் ஆலோசனை என்ன, ஐயா?

அந்தத் தயக்கத்துக்கு முதலில் காது கொடுங்கள். இருவரில் ஒருவருடைய ஆசைக்காக மட்டும் தொடங்கப்படும் மோட்டார்ஹோம் வாழ்க்கை நெடுநாள் நீடிக்காது. ஏனெனில், கோபம் வந்தால் போய் உட்கார்ந்துகொள்ள அங்கே இன்னொரு அறை இல்லை. வீட்டை இப்போது விற்க வேண்டாம். ஓராண்டுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, நீங்கள் வாங்க நினைக்கும் அளவுள்ள வண்டி ஒன்றை மூன்று நான்கு வாரங்களுக்கு வாடகைக்கு எடுங்கள். ஒரு வாரம் போதாது, முதல் வாரம் சுற்றுலாவைப் போலவே கழிந்துவிடும். மழையும் குளிரும் உள்ள பருவமாகப் பார்த்துப் புறப்பட்டு, துணி துவைத்து, மருந்து வாங்கி, வரவு செலவு எழுதி, நாள் முழுதும் கதவைத் திறக்க முடியாத ஒரு நாளையும் உள்ளேயே கழித்துப் பார்த்த பிறகு, உங்கள் மனைவி சொல்லும் முடிவையே இருவருடைய முடிவாகக் கொள்ளலாம். வீடு விற்ற பணம் முழுவதையும் வண்டியில் போடுவதை நான் எக்காரணம் கொண்டும் பரிந்துரைக்க மாட்டேன். புதிய மோட்டார்ஹோமின் மதிப்பு விற்பனையகத்தின் வாசலைத் தாண்டியதும் குறையத் தொடங்கிவிடும். அதை வீடு மனை போன்ற சொத்தாகக் கருதக் கூடாது.

நீளத்தைப் பற்றியும் மறுபடி யோசியுங்கள். கிளாஸ் ஏ என்பது பேருந்தைப் போன்ற பெரிய வண்டி. கிளாஸ் சி என்பது ஓட்டுநர் இருக்கைக்கு மேலே படுக்கை அமைந்த நடுத்தர வண்டி. கிளாஸ் பி என்பது உள்ளே வசதிகள் செய்யப்பட்ட வேன். பழைய தேசியப் பூங்காக்களின் முகாம்கள் பல, சிறிய வண்டிகளே ஓடிய காலத்தில் அமைக்கப்பட்டவை என்பதால், 40 அடி வண்டிக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது. மொன்டானாவில் உள்ள கிளேசியர் பூங்காவின் புகழ்பெற்ற மலைச்சாலையின் மேற்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமுள்ள எந்த வண்டிக்கும் அனுமதியே கிடையாது. சுமார் 30 அடி வண்டி ஒன்றும், அதன் பின்னால் இழுத்துச் செல்ல ஒரு சிறிய காரும் இருவருக்குத் தாராளமாகப் போதும். 40 அடியைத் தாண்டினால் கலிபோர்னியாவிலும், 26,000 பவுண்டைத் தாண்டினால் டெக்சாஸிலும் வேறு வகை ஓட்டுநர் உரிமம் தேவைப்படும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

எந்த வண்டியானாலும் வாசற்கதவருகே ஒட்டியிருக்கும் எடைச் சீட்டைப் படிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஆட்களும் பொருள்களும் சேர்ந்து எத்தனை பவுண்டு வரை ஏற்றலாம் என்று அதில் அச்சிட்டிருக்கும். தொட்டித் தண்ணீரும் அந்தக் கணக்கில்தான் வரும். ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 50 காலன் தொட்டி நிறைந்தால் 415 பவுண்டு போய்விடும். மிஞ்சுவதில்தான் நீங்கள் இருவரும், பாத்திரங்களும், அரிசி மூட்டையும், பூஜைச் சாமான்களும் அடங்க வேண்டும்.

பழைய வண்டி ஒன்றைப் பார்த்திருக்கிறோம். மிகக் குறைவாகவே ஓடியிருக்கிறது. டயர்கள் புதிதுபோல் இருக்கின்றன. வாங்கலாமா?

டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2318 என்றிருந்தால் அது 2018-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்யப்பட்டது. மோட்டார்ஹோமின் டயர் தேய்ந்து கெடுவதைவிட, நின்ற இடத்திலேயே வெயிலில் காய்ந்து, வெடிப்பு விட்டுக் கெடுவதே அதிகம். ஆகவே ஆறேழு ஆண்டுகள் ஆகியிருந்தால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். கூரையின் ஓரங்களில் நீர்க்கசிவு இருக்கிறதா என்பது டயரைவிட முக்கியம். உட்சுவரை மூலைகளில் விரலால் அழுத்திப் பார்க்கும்போது எங்கேனும் மெத்தென்று உள்வாங்கினால், அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

என் கணவர் மட்டுமே வண்டி ஓட்டுகிறார். நான் சமையலையும் வழி பார்ப்பதையும் கவனித்துக்கொள்கிறேன். இந்த ஏற்பாடு போதாதா?

போதாது, அம்மா. நெவாடாவின் நடுவே, அடுத்த மருத்துவமனைக்கு எழுபது மைல் இருக்கும் இடத்தில் அவருக்கு நெஞ்சு வலி வந்தால், அல்லது கை பிசகிவிட்டால், வண்டியை அங்கிருந்து நகர்த்தக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். நாள்தோறும் ஓட்ட வேண்டியதில்லை. மாதத்தில் சில முறை, நெரிசல் இல்லாத சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் கை மறக்காது.

ஆளில்லாத பெரிய வாகன நிறுத்தத்தில் தொடங்குங்கள். அங்கே முதலில் பழக வேண்டியது வேகத்தை அல்ல, வால்வீச்சைத்தான். பின்சக்கரத்துக்கு அப்பால் நீண்டிருக்கும் உடற்பகுதி, நீங்கள் வலப்பக்கம் திரும்பும்போது இடப்பக்கமாக வீசும். பெட்ரோல் நிலையத் தூண்களில் மோட்டார்ஹோம்கள் உரசுவது பெரும்பாலும் இதனால்தான். தரையில் ஒரு கோடு கிழித்து, அதன் மேல் பின்பக்க மூலை நிற்கும்படி வண்டியை நிறுத்தி, உங்கள் கணவரை வெளியே சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, முழுவதுமாகத் திருப்பிப் பாருங்கள். மூலை கோட்டை எத்தனை அடி தாண்டுகிறது என்பதை இருவரும் கண்ணால் காண்பீர்கள்.

வண்டியின் உயரத்தை அடி, அங்குலக் கணக்கில் பெரிதாக எழுதி, ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டிவையுங்கள். நியூயார்க் பகுதியில் கார்களுக்கென்றே அமைந்த பார்க்வே சாலைகளில் பாலங்கள் தாழ்ந்தவை. கார்களுக்கான வழிகாட்டிச் செயலி அதைச் சொல்லாது. பால்டிமோர் துறைமுகச் சுரங்கப்பாதையில், வண்டியின் அடுப்புக்கும் கொதிகலனுக்கும் எரிவாயுவான ப்ரோபேன் சிலிண்டருடன் நுழையக் கூடாது என்பதும் அதற்குத் தெரியாது. உயரமும் எடையும் பதிவு செய்துகொள்ளும் ஆர்வி வழிகாட்டிக் கருவி ஒன்று இருவருக்கும் அவசியம்.

இட்லி மாவு அரைத்துச் சமைக்க முடியுமா? இண்டக்‌ஷன் அடுப்பைப் போட்டதும் மின்சாரம் நின்றுவிடுகிறது.

தாராளமாக முடியும், அடுப்பின்மீது மட்டும் பழி போட வேண்டாம். உங்கள் வண்டி 30 ஆம்பியர் இணைப்புடையது என்று நினைக்கிறேன். 120 வோல்ட்டில் அது 3,600 வாட் மட்டுமே தரும். ஏசி ஓடிக்கொண்டிருந்தால் 13 ஆம்பியரை ஒட்டி எடுக்கும். 1,800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 15 ஆம்பியர் எடுக்கும். பேட்டரிக்கு மின்னேற்றும் கன்வெர்ட்டரும் பின்னணியில் சில ஆம்பியரை எடுத்துக்கொண்டேயிருக்கும். இந்த நிலையில் வெந்நீர்க் கொதிகலனும் மின்சாரத்தில் இருந்தால் பிரேக்கர் விழாமல் என்ன செய்யும்? கொதிகலனை ப்ரோபேனுக்கு மாற்றிவிடுங்கள். அடுப்பு எரியும் அரை மணி நேரம் ஏசியை நிறுத்துங்கள். சிறிய டேபிள்டாப் கிரைண்டர் இரண்டு ஆம்பியர் அளவில்தான் இழுக்கும், ஆனால் அது 110-120 வோல்ட்டுக்கான மாதிரியாக இருக்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் கிரைண்டரும் மிக்ஸியும் இங்கே நேரடியாக ஓடா.

ஆவியைத்தான் நான் கூடுதலாக அஞ்சுவேன். ஒரு ஈடு இட்லி வெளிவிடும் ஈரம் அந்தச் சிறு இடத்தில் குளிர்ந்த சுவரில் படிந்து, நாளடைவில் பூஞ்சையாகிவிடும். கூரை விசிறியை வெளியே தள்ளும் திசையில் ஓடவிட்டு, எதிர்ப்பக்க சன்னலை இரண்டு விரற்கடை திறந்துவைத்த பிறகே இட்லிப் பானையை ஏற்றுங்கள். தாளிப்பதும் பொரிப்பதும் வெளியே முகாம் மேசையில் நடக்கட்டும். புகை எச்சரிக்கைக் கருவி கத்துகிறது என்று அதன் பேட்டரியைக் கழற்றிவைப்பது உயிருக்கு ஆபத்தான பழக்கம். அடுப்பும் படுக்கையும் பத்தடிக்குள் இருக்கும் வீட்டில் அந்தக் கருவியை நம்பித்தான் இருவரும் உறங்குகிறீர்கள். இன்னொன்று: அரிசோனாவின் பிளாக்ஸ்டாஃப் போல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ள ஊர்களில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு மணிக்கணக்கில் வேகாது. குக்கர் இல்லாமல் மலைக்குப் போகாதீர்கள்.

கழிவுத் தொட்டியை நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது. நாற்றம் வராமல் பார்த்துக்கொள்ள வழி உண்டா?

உண்டு. கழிவறை நீருக்கு பிளாக் டேங்க், குளியல் மற்றும் சமையலறை நீருக்கு கிரே டேங்க் என்று இரண்டு தொட்டிகள் உள்ளன. முகாமில் சாக்கடை இணைப்பு கிடைத்ததும் பிளாக் டேங்கின் வால்வைத் திறந்தே வைத்துவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. நீர் ஓடிவிடும், திடக்கழிவு அடியில் தங்கி மேடாக இறுகிவிடும். பிறகு அதைக் கரைப்பது பெரும்பாடு. வால்வை மூடியே வைத்து, மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியபின் ஒரே வேகத்தில் திறந்துவிடுங்கள். பிளாக் டேங்கை முதலிலும் கிரே டேங்கைப் பின்னரும் திறந்தால், சோப்பு நீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். பிறகு சில காலன் தண்ணீரை பிளாக் டேங்கில் ஊற்றிவையுங்கள். தொட்டி உலரவே கூடாது. தண்ணீரால் கழுவும் நம் வழக்கம் இதற்கு உதவியே செய்கிறது, தொட்டி சற்று விரைவில் நிரம்பும் என்பதுதான் வேறுபாடு. ரப்பர் கையுறையும், கழிவுக்கென்றே தனியான தண்ணீர்க் குழாயும் வைத்துக்கொள்ளுங்கள். குடிநீர்க் குழாயை அந்த வேலைக்கு ஒருமுறைகூடப் பயன்படுத்தாதீர்கள்.

எங்கள் இருவருக்கும் சர்க்கரை நோய் உண்டு. ஊர் மாறிக்கொண்டே இருந்தால், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் எப்படிச் செல்லும்? நிரந்தர முகவரி இல்லாவிட்டால் கிரீன் கார்டுக்குப் பாதிப்பு வருமா?

அரசே நேரடியாக நடத்தும் அசல் மெடிகேர், அதை ஏற்கும் எந்த மருத்துவரிடமும், நாட்டின் எந்த மாநிலத்திலும் செல்லும். தனியார் நிறுவனங்கள் வழங்கும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்கள் அப்படியல்ல. அவை ஒரு வட்டாரத்தின் மருத்துவர்களோடு கட்டுண்டவை. அவசர சிகிச்சையை எங்கும் ஏற்றாலும், வழக்கமான பரிசோதனைக்கு நீங்கள் அந்த வட்டாரத்துக்கே திரும்ப வேண்டியிருக்கலாம், ஆறு மாதங்களுக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் பெரும்பாலான திட்டங்களில் உங்கள் பெயரே நீக்கப்படும். நாடோடியாக வாழ்பவருக்கு அசல் மெடிகேரும் அதற்குத் துணையான மெடிகேப் காப்பீடும்தான் பொருத்தம். 65 வயதாகி, மெடிகேரில் மருத்துவர் செலவுக்கான பகுதியான பார்ட் பி தொடங்கும் மாதத்திலிருந்து ஆறு மாதங்களுக்குள் மெடிகேப் எடுத்தால், சர்க்கரை நோயைக் காரணம் காட்டி எவரும் மறுக்க முடியாது. அந்த வாய்ப்பைத் தவறவிட்டால் பல மாநிலங்களில் உடல்நிலையைக் கேட்டே முடிவு செய்வார்கள். இன்சுலினைப் பொறுத்தவரை, திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். பழைய வகை ஆர்வி குளிர்பெட்டி வண்டி சாய்ந்து நின்றால் சரியாகக் குளிராது என்பதால், உள்ளே ஒரு வெப்பமானியை வைத்து நாள்தோறும் பாருங்கள்.

முகவரிக்கு, தெற்கு டகோட்டா, டெக்சாஸ், புளோரிடா ஆகிய மூன்று மாநிலங்களைத்தான் முழுநேர ஆர்வி வாழ்வினர் பெரிதும் நாடுகிறார்கள். அங்கே மாநில வருமான வரி இல்லை, கடிதங்களைப் பெற்று அனுப்பும் நிலையங்களும் உண்டு. குடியுரிமை பெறாதவர்கள் வசிப்பிடம் மாறினால் பத்து நாள்களுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தொடர்ந்து பயணத்தில் இருப்பவருக்கு இது எவ்வாறு பொருந்தும் என்பதைப் புறப்படும் முன்பே ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கிரீன் கார்டைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். அதை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். தெற்கு அரிசோனா, தெற்கு டெக்சாஸ் சாலைகளில் எல்லைக் காவலரின் சோதனைச் சாவடிகள் நாட்டின் உள்ளேயே இருக்கின்றன.

தங்குமிடக் கட்டணம் கட்டுப்படியாகவில்லை. குறைக்க வழி உண்டா?

62 வயது நிறைந்த குடிமக்களும் நிரந்தரக் குடியிருப்பாளர்களும் 80 டாலருக்கு வாழ்நாள் சீனியர் பாஸ் வாங்கலாம். அது இருந்தால் தேசியப் பூங்காக்களில் நுழைவுக் கட்டணம் இல்லை. கூட்டரசு முகாம்கள் பலவற்றில் பாதிக் கட்டணம்தான். மேற்கு மாநிலங்களில் பிஎல்எம் என்னும் அரசு நில நிர்வாகத்தின் திறந்த நிலங்களில், பொதுவாக 14 நாள்கள் வரை கட்டணமின்றித் தங்கலாம். தண்ணீரும் மின்சாரமும் உங்கள் பொறுப்பு. வால்மார்ட் நிறுத்தங்களில் இரவு தங்குவது அந்தந்தக் கிளை மேலாளரின் விருப்பம், கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

எங்களுக்கு 74, 71. ஐந்தாறு ஆண்டுகளாக இப்படியே வாழ்கிறோம். எப்போது நிறுத்துவது? ஒருவர் போய்விட்டால் மற்றவர் என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக உங்களுக்கு நன்றி. பெரும்பாலோர் இதைப் பேசவே அஞ்சுகிறார்கள். இரவில் எதிர்வண்டி விளக்கு கூசத் தொடங்கினால் பகலில் மட்டும் ஓட்டுங்கள். வண்டியைப் பின்னுக்கு எடுக்கக் கழுத்து திரும்பவில்லை என்றால் நேராக உள்ளே போய் நேராக வெளியேறும் இடங்களை மட்டும் பதிவு செய்யுங்கள். இவையெல்லாம் போதாமல், கழிவுக் குழாயைக் குனிந்து மாட்டுவதே இருவருக்கும் சுமையாகும் நாள் வந்தால், நகர்வதை நிறுத்தும் காலம் வந்துவிட்டது. அதற்காக வண்டியையே கைவிட வேண்டியதில்லை. டெக்சாஸின் லிவிங்ஸ்டனில், 1978-இல் தொடங்கப்பட்ட எஸ்கேப்பீஸ் ஆர்வி சங்கத்தின் தலைமையகத்தை ஒட்டி, கேர் என்ற பராமரிப்பு மையம் இருக்கிறது. முதுமையாலோ நோயாலோ பயணத்தைத் தொடர முடியாத உறுப்பினர்கள் தங்கள் சொந்த வண்டியிலேயே அங்கே தங்கி, உணவும் உதவியும் பெறலாம்.

தனித்து விடப்படுபவர் வண்டியை வைத்துக்கொள்வதா, விற்பதா, பிள்ளைகளிடம் போவதா என்பதை இருவரும் இருக்கும்போதே பேசி, பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள். வண்டியின் உரிமைப் பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். மருத்துவ முடிவெடுக்கும் அதிகாரப் பத்திரத்தை நிரந்தர முகவரியுள்ள மாநிலத்தின் சட்டப்படி எழுதி, ஒரு பிரதியைப் பிள்ளைகளிடமும் ஒன்றை வண்டியிலும் வையுங்கள். வண்டியிலுள்ள பிரதி மருந்துப் பட்டியலோடு சேர்ந்து, கதவைத் திறந்ததும் ஆம்புலன்ஸ் பணியாளர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.