பழைய பிக்கப் வண்டியின் டோர் பீடிங், கண்ணாடி ரப்பர்களை நாமே மாற்ற முடியுமா?

கேள்வி: பதினைந்து வருஷம் ஓடிய சிங்கிள் கேபின் பிக்கப். மழை பெய்தால் டிரைவர் காலடி நனைகிறது, கண்ணாடி கடகடவென்று ஆடுகிறது, மண்ரோட்டில் போனால் உள்ளே ஒரே புழுதி. கடையில் எல்லா ரப்பரையும் மாற்றச் சொல்கிறார்கள். நானே செய்யலாமா?

பதில்:

செய்யலாம். கதவு ரப்பர்கள் முழுவதும் வீட்டு வாசலிலேயே முடிகிற வேலைதான், பிரைமர் காயும் நேரம் போக ஒரு கதவுக்கு அரை நாள் வைத்துக்கொள்ளுங்கள். முன் கண்ணாடி ரப்பருக்கு மட்டும் கூட ஒரு ஆள் வேண்டும். ஆனால் கடைக்குப் போகும் முன் ஒன்று: கதவுக்குள்ளே தண்ணீர் இறங்குவது கோளாறு இல்லை. கண்ணாடியை ஒட்டி இடுப்பு உயரத்தில் இருக்கும் பட்டை ரப்பர் தண்ணீரைக் குறைக்குமே தவிர முழுசாகத் தடுக்காது. மிச்சம் கதவின் வயிற்றுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் ஓட்டைகள் வழியாக வெளியேற வேண்டும் என்றுதான் கதவையே செய்திருக்கிறார்கள். அந்த ஓட்டை அடைத்திருந்தாலோ, டோர் பேடுக்கு (கதவின் உள்பக்கத்தை மூடும் அட்டை) பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் ஷீட் கிழிந்திருந்தாலோ, எத்தனை ரப்பர் மாற்றினாலும் காலடி நனையும். பழைய பிக்கப்புகளில் பாதிக்கு மேல் வியாதி இங்கேதான்.

அதனால் முதலில் எது ஒழுகுகிறது என்று பாருங்கள். வண்டியைக் கழுவாமல் கதவைத் திறந்தால், புழுதி நுழைந்த இடத்தில் பீடிங்கை, அதாவது கதவு வாசலைச் சுற்றி வரும் ரப்பரை, தாண்டி உள்பக்கமாகச் செம்மண் கோடு விழுந்திருக்கும். அந்தக் கோடே பாதி பதில். அடுத்து, பத்து ரூபாய் நோட்டு ஒன்றைப் பீடிங் மேல் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். லேசான பிடிப்போடு வரவேண்டும், சும்மா உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் அமுங்கவில்லை. கதவைச் சுற்றி ஒரு சாண் இடைவெளியில் இப்படிப் பார்த்து, பிடிக்காத இடங்களில் சாக்பீஸால் குறியிடுங்கள்.

பிறகு ஹோஸ். காலடி மேட்டை எடுத்துவிட்டு ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். தண்ணீரைக் கீழிருந்து மேலாகக் கொண்டு போங்கள்: முதலில் கதவின் அடிப்பாகம், பிறகு கண்ணாடிப் பட்டை, பிறகு மேல் ஃபிரேம், கடைசியில் முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று நிமிஷம். எடுத்த எடுப்பில் கூரையில் ஊற்றினால் எல்லா இடமும் ஒன்றாக நனையும், ஒன்றும் புரியாது. கதவு பக்கமே போகாமல் முன் கண்ணாடிக்குக் கீழே ஊற்றியதும் காலடி நனைந்தால், வயர்களும் கேபிளும் உள்ளே வரும் ஓட்டைகளை அடைக்கும் வளைய ரப்பரை (குரோமெட்) பாருங்கள். அது பீடிங் விஷயமே இல்லை.

இன்னொரு சோதனை, ரொம்ப முக்கியம். கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்கம் இரண்டு கையாலும் தூக்கிப் பாருங்கள். டக் டக்கென்று ஏறி இறங்கினால் கீல் பின்னும் புஷ்ஷும் தேய்ந்திருக்கின்றன. டிரைவர் கதவைப் பிடித்துத் தொங்கி ஏறுகிற பழக்கத்தால் பிக்கப்பில் இது சகஜம். தொங்கிப்போன கதவுக்குப் புது பீடிங் போட்டால் மேல் பின்மூலையில் இடைவெளி அப்படியே இருக்கும். கீலைச் சரி செய்த பிறகே ரப்பர்.

வாங்க வேண்டியது ஒரு கதவுக்கு நான்கு சாமான்: கதவு வாசலைச் சுற்றி வரும் டோர் பீடிங், கண்ணாடி ஏறி இறங்கும் சேனல் ரப்பர், வெளிப் பட்டை, உள் பட்டை. இவற்றோடு டோர் பேட் கிளிப்புகள் (பாதி உடையும், கணக்குப் பார்க்காமல் வாங்குங்கள்), கெட்டியான பாலித்தீன் ஷீட், பிசின் போல ஒட்டும் பியூட்டைல் டேப். உங்கள் மாடலுக்கென்றே வார்த்த ரப்பர் கிடைத்தால் அதையே எடுங்கள், மூலைகள் வார்ப்பிலேயே வளைந்து வரும். இல்லையென்றால் மீட்டர் கணக்கில் வெட்டி வாங்க வேண்டியதுதான். கதவு வாசலைச் சுற்றி ஒரு நூலை ஓட்டி அளந்து, அரை மீட்டர் கூட்டி வாங்குங்கள். சென்னையில் இருப்பவர்கள் பழைய உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றிய பீடிங்கைத் தேடிப் போவார்கள். கண்ணாடியை ஏற்றி இறக்கும் மிஷின், கைப்பிடி, கொண்டி போன்றவற்றுக்கு அது சரி. ரப்பரைப் பழசாக வாங்காதீர்கள், அதுவும் உங்களுடையதைப் போலவே வெயில் தின்றதாகத்தான் இருக்கும்.

கடைக்குச் சாம்பிள் கொண்டுபோகும்போது கவனம். கொண்டிப் பக்கத் துண்டு பல வருஷமாக நசுங்கிச் சப்பையாகியிருக்கும். அதற்குப் பொருத்தமாக வாங்கினால் புதுசும் சின்னதாக அமையும். அதிகம் நசுங்காத இடத்திலிருந்து ஒரு விரல் நீளம் வெட்டுங்கள். மூன்றைப் பொருத்திப் பார்க்க வேண்டும்: குழல் போன்ற பகுதியின் விட்டம், அது மேலே இருக்கிறதா பக்கவாட்டில் இருக்கிறதா, தகட்டைக் கவ்வும் வாயின் அகலம். ஸ்பாஞ்ச் போன்ற ஈபிடிஎம் (வெயிலைத் தாங்கும் செயற்கை ரப்பர்) கேளுங்கள், நகத்தால் அழுத்திவிட்டால் உடனே எழும்பும். பளபளப்பான பிவிசி பீடிங் பார்க்க அழகு. வெயிலில் நிற்கிற வண்டிக்கு அது சீக்கிரம் விறைத்துக்கொள்ளும்.

கழற்றும் வேலை டோர் பேடிலிருந்து தொடங்குகிறது. கண்ணாடி சுற்றும் கைப்பிடிக்குப் பின்னால் சில வண்டிகளில் ஸ்க்ரூ இருக்கும், பலவற்றில் குதிரைலாட வடிவக் கம்பி கிளிப். பனியன் துணி நாடா ஒன்றைக் கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவில் நுழைத்து, ஷூ துடைப்பது மாதிரி இடதும் வலதுமாக இழுங்கள். துணி கிளிப்பில் மாட்டி அதை வெளியே தள்ளும். மேலே ஒரு கையை மூடிப் பிடியுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கிளிப் தெருவில் எங்கே போய் விழுந்தது என்று தேடவேண்டி வரும். கைவைக்கும் பிடியின் ஸ்க்ரூக்களை எடுத்த பின், தட்டையான நெம்புகோலைக் கிளிப்புக்கு நேர் கீழே கொடுத்துத் தூக்குங்கள். இரண்டு கிளிப்புக்கு நடுவில் நெம்பினால் அட்டை கிழியும்.

கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டு வெளிப் பட்டையை எடுங்கள். பெயின்ட் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு நெம்பினால் கீறல் விழாது. சேனல் ரப்பரை மேல் மூலையிலிருந்து உருவலாம். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள்: வெளியே தெரிகிற ஃபிரேமோடு சேனல் முடிவதில்லை. கதவுக்குள்ளே போல்ட் போட்ட இரும்பு வழிகாட்டி ஒன்று இறங்குகிறது, ரப்பர் அதற்குள்ளும் அடிவரை போகவேண்டும். மேலே மட்டும் புதுசு போட்டு, கீழே பழசு தேய்ந்தபடி கிடந்தால், கண்ணாடி பாதி இறங்கியதும் பழையபடி ஆடும்.

ரப்பர் போன இடத்தில் துரு இருக்கும். சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து ஒரு ராத்திரி காயவிடுங்கள். இதை அவசரப்பட்டுத் தாண்டினால் பசை துருவில் ஒட்டும், துரு தகட்டை விட்டு உரிந்து வரும், பீடிங்கும் கூடவே வரும்.

இப்போது அந்த அடி ஓட்டைகள். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியால் ஒவ்வொன்றையும் குத்திவிட்டு, கதவுக்குள் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். முதலில் டீ டிகாஷன் மாதிரி கறுத்த சேற்றுத் தண்ணீர் வரும், பிறகு தெளிவாகும். ஊற்றிய வேகத்துக்கு வெளியேறும்வரை விடாதீர்கள். முன்பு துருவுக்காக அடியில் தார் போன்ற அண்டர்கோட் அடித்திருந்தால் அந்தத் தாரே ஓட்டையை மூடியிருக்கும், அதையும் பாருங்கள்.

சேனல் ரப்பர் போடும்போது முதலில் இரண்டு மேல் மூலைகளையும் உட்கார வையுங்கள், பிறகு நடுப்பகுதி, கடைசியில் இருபக்கமும் கீழே இறங்கும் இரண்டு கால்கள். மீட்டர் ரப்பரானால் மூலையில் உள் உதடுகளை மட்டும் வி வடிவில் வெட்டி மடக்குங்கள், முதுகை வெட்டாதீர்கள். இழுத்துப் போடவே கூடாது. இழுபட்ட ரப்பர் சில வாரங்களில் தன் நீளத்துக்குச் சுருங்கும், மூலையில் விரல் நுழைகிற இடைவெளி திறக்கும். அதற்குப் பதில் ஐந்து பத்து மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு அமுக்கி நுழையுங்கள். கண்ணாடியை மெதுவாக ஏற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் சிலிகான் ஸ்பிரே மட்டும். கிரீஸ், இன்ஜின் ஆயில், டீசல் எதுவும் வேண்டாம், எண்ணெய் பட்டால் ஈபிடிஎம் உப்பி வழவழத்துப்போகும். கதவுக் கண்ணாடி டஃபன் செய்தது, அதாவது சூடேற்றிக் கடினமாக்கியது. நடுவில் தட்டினால் தாங்கும், ஓரத்தில் ஸ்பேனர் லேசாக இடித்தாலும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

பட்டை ரப்பர்களைப் பொருத்தியதும் பிளாஸ்டிக் ஷீட். சுற்றிலும் பியூட்டைல் டேப்பால் ஒட்டுங்கள், அடி ஓரத்தை மட்டும் கதவின் ஓட்டைக்குள் செருகுங்கள். ஷீட்டில் வழிகிற தண்ணீர் கதவுக்குள் விழவேண்டும். வெளியே தொங்கவிட்டால் அது நேராக டோர் பேடை நனைத்து, உங்கள் செருப்புக்கு வந்து சேரும்.

டோர் பீடிங்கை வாசற்படியின் அடிப்பகுதியில் தொடங்கி, சுற்றி வந்து அங்கேயே முடியுங்கள். இணைப்பு மேலே வந்தால் மழைக்கு அதுதான் வாசல். கால் உரசுகிற இடத்தைத் தவிர்த்துக் கொஞ்சம் முன்னால் தள்ளி வையுங்கள். வளைவுகளில் ரப்பரை ஊட்டிக்கொடுப்பது போலத் தளர்வாக விடுங்கள், இழுத்தால் குழல் சப்பையாகிவிடும். கடைசியில் பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் கூட்டி வெட்டி, இரு முனைகளையும் முட்டவிட்டு அமுக்குங்கள். தகட்டைக் கவ்வும் வகைக்குப் பசையே தேவையில்லை. வாய் தளர்ந்திருந்தால் பிளையரால் லேசாக நெருக்குங்கள். ஒட்டும் வகையானால் ஃபெவிகால் எஸ்ஆர் 998 போன்ற பசையை இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகு சேருங்கள், ஈரத்தில் சேர்த்தால் வழுக்கும். வினிகர் வாசம் வரும் சாதாரண சிலிகான் வேண்டவே வேண்டாம். வெறும் தகட்டில் அது துருவைக் கிளப்பும். அது பட்ட இடத்தில் அடுத்த முறை எந்தப் பசையும் பிடிக்காது.

புதுப் பீடிங் போட்டதும் கதவு சாத்த மறுக்கும். அதற்காக ரப்பரைச் சீவாதீர்கள். இரண்டு மூன்று நாள் சாத்தியே வையுங்கள், தானாகப் படியும். அப்போதும் அடித்துச் சாத்தவேண்டியிருந்தால், பாடியில் இருக்கும் லாக் கொண்டியைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, தளர்த்தி ஒரு மில்லிமீட்டர் வெளியே நகர்த்துங்கள். பிறகு ரூபாய் நோட்டுச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

முன் கண்ணாடி பசையால் ஒட்டிய வகையானால் தொடாதீர்கள், அது கண்ணாடிக் கடை வேலை. ரப்பர் வளையத்தில் உட்காரும் பழைய வகையானால் நீங்களே மாற்றலாம். பழைய ரப்பரின் உள் உதட்டை பிளேடால் சுற்றி வெட்டி எறியுங்கள், அதைக் காப்பாற்றப் போனால்தான் கண்ணாடி விரிசல் விடும். புது ரப்பரைக் கண்ணாடிக்கு மாட்டி, தகடு நுழைகிற வெளிப்பள்ளத்தில் நாலைந்து மில்லிமீட்டர் நைலான் கயிற்றைச் சுற்றிலும் செருகுங்கள். இரு முனையும் அடி நடுவில் ஒரு முழம் ஒன்றன்மேல் ஒன்று வரட்டும். சோப்புத் தண்ணீர் தடவி, வெளியே ஒருவர் உள்ளங்கையால் அமுக்க, உள்ளே நீங்கள் கயிற்றைக் கண்ணாடிக்கு இணையாக உருவுங்கள். உதடு தகட்டின் மேல் ஏறி வரும். உங்களை நோக்கி நேராக இழுத்தால் உதடு கிழியும். ரப்பர் வளையத்தை இறுக்கிப் பிடிக்கும் லாக் ரப்பர் பட்டை இருந்தால் கடைசியில் அதைச் செருகி, ரப்பருக்கும் பாடிக்கும் நடுவே காயாத வகை சீலண்ட் ஓட்டுங்கள். ஒரு நாள் விட்டு ஹோஸ் பிடியுங்கள், மறுபடியும் கீழிருந்து மேலாக.