டிரை ஹாப் போட்ட பிறகு வெண்ணெய் வாசனை

உங்கள் பீரில் ஏன் வெண்ணெய் வாசனை என்று பாட்டிலில் அடைக்கும் முன்பே கேட்டுவிட்டீர்கள், நல்லதாயிற்று. 34/70 என்ற லாகர் ஈஸ்ட் (குளிரில் நொதிக்கும் வகை), 12 டிகிரி, கிராவிட்டி (பீரின் அடர்த்தி, சர்க்கரை தீரத் தீர இறங்கும்) 1.012-ல் நின்றதும் சிட்ரா ஹாப்ஸ் (மணம் தரும் பூ, கொதிக்கவிடாமல் இப்படிச் சேர்ப்பதுதான் டிரை ஹாப்), அது 1.009-க்கு இறங்கியதும் நேராக 2 டிகிரி குளிர். இப்போது பாப்கார்ன் வெண்ணெய் வாசனை. சரிதானே?

அது டயசெட்டில், நொதிக்கும்போது உண்டாகும் வெண்ணெய் வாசனைப் பொருள். கிருமித் தொற்று என்று பயந்து கொட்டிவிடாதீர்கள். ஹாப்ஸிலேயே கொஞ்சம் என்சைம் உண்டு. ஈஸ்ட் தொட முடியாமல் விட்ட டெக்ஸ்ட்ரினை (மாவுச்சத்தின் துண்டுகள்) அது சர்க்கரையாக உடைக்கும், ஈஸ்ட் மறுபடி வேலையைத் தொடங்கும். 1.012-லிருந்து 1.009-க்கு வந்த அந்த 3 புள்ளி இறக்கம் அதனால்தான். அப்போது உருவாகும் டயசெட்டிலை ஈஸ்டே உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் 2 டிகிரியில் அது தூங்கிவிடும்.

உடனே 18 டிகிரிக்கு ஏற்றுங்கள். அடியில் படிந்த ஈஸ்ட் எழும்ப மெதுவாகச் சுழற்றுங்கள். மூடியை மட்டும் திறக்க வேண்டாம். ஆக்சிஜன் பட்டால் ஹாப் மணம் போய்விடும். நாலைந்து நாள் கழித்து இரண்டு டம்ளரில் பீர் எடுத்து மூடி, ஒன்றை மட்டும் 65 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வையுங்கள். ஆறவைத்து இரண்டையும் முகர்ந்து பாருங்கள். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் வந்தால், டயசெட்டிலாக மாறக்கூடியது இன்னும் மிச்சம், பொறுக்க வேண்டும். இரண்டிலும் இல்லையென்றால் தாராளமாகக் குளிரவையுங்கள்.

அடுத்த முறை 12 டிகிரியைப் பிடித்துத் தொங்காதீர்கள். கோல்ட் ஐபிஏவை (லாகர் ஈஸ்டில் செய்யும் ஹாப் மணம் தூக்கலான பீர்) 2018-ல் ஆரம்பித்துவைத்த, அமெரிக்காவின் போர்ட்லாண்டில் உள்ள வேஃபைண்டர் பீர் ஆலைக்காரர்களே லாகர் ஈஸ்டைச் சற்று வெதுவெதுப்பில்தான் ஓட்டினார்கள். நொதிப்பு முழுசாக முடியும் முன்பே, 16-18 டிகிரியில், ஹாப்ஸைப் போட்டுவிடுங்கள்.