பேப்பர் செய்திய வச்சு குடிமையியல் நடத்துறது: கேளுங்க, சொல்லுதேன்

பாளையங்கோட்டைல ஒரு ஹைஸ்கூல்ல 19 வருஷமா சோசியல் எடுக்கேன். அரசியல் செய்திய பாடத்தோட எப்படி சேக்கதுன்னு ஆளாளுக்கு கேட்டிருந்தீங்க, முடிஞ்ச வரைக்கும் எழுதுதேன்.

கேள்வி (வள்ளியூர் டீச்சர்): கிளாஸ்ல நியூஸ் பேசுனாலே கட்சி பேசுதீங்கன்னு பிள்ளைங்க வீட்டுல இருந்து சண்டைக்கு வாராங்க. என்ன செய்ய சார்?

பதில்: எனக்கும் நடந்திருக்கு டீச்சர், அதுக்காக செய்திய விட்டுறாதீங்க. யாரு செஞ்சது சரின்னு போகாம, இத செய்யுத அதிகாரம் யாருக்கு இருக்கு, புக்குல அது எந்தப் பக்கம்னு கேளுங்க. 2024ல நம்ம திருநெல்வேலி மேயர் ராஜினாமா பண்ணுனாருல்லா, ஆகஸ்ட்ல புது மேயர கவுன்சிலருங்க ஓட்டு போட்டு தேர்ந்தெடுத்தாங்க. அன்னைக்கு நான் போர்டுல 'நம்ம வீட்டுல ஏன் யாரும் ஓட்டு போடப் போகல?'ன்னு மட்டும்தான் எழுதுனேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் கடைசி பெஞ்சுல ஒருத்தன், மார்க்கெட்ல காய்கறிக் கடை வச்சிருக்கவர் மகன், எந்திச்சு 'அப்ப எங்க வார்டு கவுன்சிலருதான் எங்களுக்குப் பதிலா போட்டிருக்காரா சார், 55 வார்டுன்னா மொத்தமே 55 ஓட்டுதானா?'ன்னான். மறைமுகத் தேர்தல்ங்கிற வார்த்தைய அதுக்கப்புறம் நான் விளக்க வேண்டியதே இல்லாமப் போச்சு. கட்சி பேரு ஒண்ணு கூட வரல.

கேள்வி (பத்தாங்கிளாஸ் மாணவி, தாழையூத்து): சட்டமன்றத்துல மசோதா நிறைவேறுனா சட்டம்தான? அப்புறம் ஏன் கவர்னர் விஷயம் கோர்ட்டுக்குப் போகுது?

பதில்: நல்லா கேட்டம்மா. நிறைவேறுனா மட்டும் சட்டம் ஆகாது, அரசியலமைப்புச் சட்டத்தோட 200வது பிரிவுப்படி கவர்னர் ஒப்புதல் வேணும். அவரு ஒப்புதல் குடுக்கலாம், ஒப்புதல நிறுத்தி வச்சு மறுபரிசீலனைக்கு சபைக்கே திருப்பி அனுப்பலாம், ஜனாதிபதிக்கு அனுப்பலாம். எத்தன நாளுக்குள்ளன்னு அதுல எழுதல, சண்டையே அங்கதான். 2025 ஏப்ரல் 8ல சுப்ரீம் கோர்ட் காலக்கெடு வச்சு, தமிழ்நாட்டோட 10 மசோதாவுக்கு ஒப்புதல் கிடைச்சதாவே எடுத்துக்கிடணும்னு தீர்ப்பு சொல்லிச்சு. அதே வருஷம் நவம்பர்ல, ஜனாதிபதி கேட்ட கேள்விகளுக்கு அஞ்சு நீதிபதி அமர்வு பதில் சொல்லும்போது, கோர்ட் அப்படி கெடு வைக்க முடியாது, காரணமே இல்லாம இழுத்தடிச்சா மட்டும் ஓரளவு தலையிடலாம்னுட்டாங்க. அதனால நோட்டுல எழுதும்போது பக்கத்துல தேதிய கண்டிப்பா போடு.

கேள்வி (அம்பை சார்): போர்ஷனே முடிய மாட்டேங்குது, இதுக்கு நேரம் எங்க?

பதில்: திங்கக்கிழம பத்து நிமிஷம், ஒரே ஒரு பேப்பர் கட்டிங், போதும்.

கேள்வி (பணகுடில ஒரு அம்மா): ஒத்த ஓட்டுல என்ன ஆகிறப் போகுதுன்னு மகன் கேக்கான் சார்.

பதில்: உங்க ராதாபுரம் தொகுதிக் கதையவே சொல்லுங்கக்கா. 2016 சட்டமன்றத் தேர்தல்ல ஜெயிச்சவருக்கும் தோத்தவருக்கும் வித்தியாசமே 49 ஓட்டுதான். தலைமையாசிரியர் சான்றொப்பம் போட்ட தபால் ஓட்டெல்லாம் செல்லாதுன்னு தள்ளிட்டாங்க, அது கேஸாச்சு. 2019ல ஹைகோர்ட் சொல்லி திரும்ப எண்ணவும் செஞ்சாங்க, ஆனா முடிவ வெளியிட சுப்ரீம் கோர்ட் தடை போட்டுட்டு, அப்படியே அஞ்சு வருஷமும் ஓடி 2021 எலெக்‌ஷனே வந்துட்டு. தபால் ஓட்டு, தேர்தல் வழக்கு, மேல்முறையீடு, மூணும் அவன் ஊருக்குள்ளயே கெடக்கு. எனக்கு இத நடத்தும்போது இன்னைக்கும் மனசு ஆறாது, அந்தத் தபால் ஓட்டு போட்டவங்க என்னைய மாதிரி எலெக்‌ஷன் டூட்டிக்குப் போனவங்கல்லா.

கேள்வி (களக்காடு, புது டீச்சர்): நீங்க யாருக்கு ஓட்டுன்னு பிள்ளைங்க கேட்டா?

பதில்: ரகசிய வாக்கெடுப்புன்னு ஒம்பதாங்கிளாஸ்லயே படிச்சோம்லா, அது டீச்சருக்கும் உண்டுன்னு சிரிச்ச முகமா சொல்லிட்டு பாடத்துக்குப் போயிருங்க.