மெக்கானே ஏசுஸ் சபை காசாலயா வளந்துச்சு? – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

எத்தியோப்பியால இருக்குற மெக்கானே ஏசுஸ்ங்கற லுத்தரன் (மார்ட்டின் லுத்தர் வழி வந்த புராட்டஸ்டண்ட்) சபைல இப்ப ஒரு கோடி பேருக்கு மேல இருக்காங்க, மிஷனரி அனுப்பின ஸ்வீடன் சபையவிட அது பெருசுன்னு நீங்க எழுதியிருந்தத எங்க வாலிபர் கூட்டத்துல சொன்னேன். ஒரு அண்ணன் உடனே "பஞ்சம் வந்த நாடுல்ல, வெள்ளக்காரன் கோதுமை குடுத்திருப்பான், சேந்திருப்பாங்க"ன்னு முடிச்சுட்டாரு. எனக்கு பதில் சொல்லத் தெரியல. நெஜமாவே காசுதான் காரணமா? 2013ல ஸ்வீடன் சபையோட உறவையே முறிச்சுக்கிட்டாங்களாமே, அதயும் சொல்லுங்க. எங்க சபைல வருஷா வருஷம் ஆள் கொறையுது, அதான் கேக்குறேன்.

ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள தம்பி,

அந்த அண்ணன மொதல்ல மேப்ப பாக்கச் சொல்லு. 1984 பஞ்சம் ரொம்ப கொடூரமா அடிச்சது நாட்டோட வடக்க, திக்ரே, வொல்லோ பக்கம். இந்த சபையோட வேரு இருக்குறது மேற்க வொல்லேகாலயும் தெக்க சிடாமா மாதிரி எடங்கள்லயும். வெளிநாட்டு காசே வரலன்னு சொல்ல மாட்டேன், ஆஸ்பத்திரி, ஸ்கூல், விவசாயத் திட்டம்னு நெறையவே வந்துச்சு, அதுக்கு பின்னாடி வரேன். ஆனா காசு எப்ப வந்துச்சு, ஆளு எப்ப கூடுச்சுன்னு சேத்து பாத்தா கணக்கு ஒத்து வரல.

1866ல ஸ்வீடன்லருந்து மொத மிஷனரிங்க செங்கடலோரம் மசாவால எறங்குனாங்க. ஸ்வீடன் சபைக்குள்ளயே 1856ல ஆரம்பிச்ச ஒரு மிஷன் இயக்கம் அனுப்பினது. உள்நாட்டுல இருக்குற ஒரோமோ மக்கள்கிட்ட போகணும்ங்கறதுதான் நோக்கம், ஆனா உள்ள விடல, எத்தன வழில முயற்சி பண்ணியும் முடியல, பலரு அந்த வெக்கையிலயும் காய்ச்சல்லயும் செத்துப் போனாங்க. அவங்க போக முடியாத ஊருக்கு கடைசில போனது யாருன்னா அந்த ஊர்லருந்து திருடிட்டு வரப்பட்ட புள்ளைங்கதான்.

ஓனேசிமோஸ் நெசீப் சின்னக் கொழந்தையா இருக்கும்போதே கடத்திட்டுப் போயி கை மாத்தி கை மாத்தி வித்திருக்காங்க. 1870ல மசாவால விடுதலையாகி மிஷன் ஸ்கூலுக்கு வந்தாரு, 1872ல ஞானஸ்நானம், அப்புறம் ஸ்வீடன்ல படிப்பு. படிச்சு முடிச்சு சூடான் வழியா சொந்த நாட்டுக்குப் போகப் பாத்தாரு, அங்க மஹ்திங்கற மதத் தலைவரோட கலகம் வந்து வழி அடைபட்டு திரும்பி வந்துட்டாரு. ஊருக்குத்தான் போக முடியல, பைபிளையாவது ஒரோமோல கொண்டு வரலாம்னு உக்காந்தாரு. ஆனா அவ்வளவு சின்ன வயசுலயே மொழிய விட்டு பிரிச்சுட்டாங்களே, பேச்சுல இருக்குற நயம், சொலவடை எல்லாம் அவருகிட்ட எப்படி முழுசா இருக்கும்?

அங்கதான் ஆஸ்டர் கன்னோ வராங்க. இவங்களும் அடிமையா இருந்த பொண்ணு, 1886ல அரேபியாவுக்கு விக்க கொண்டு போன கப்பல இத்தாலிக்காரங்க மடக்கினப்ப மீட்கப்பட்டவங்க. மிஷன் ஸ்கூல்ல படிச்சாங்க. இவங்க காதுல ஒரோமோ அப்படியே உயிரோட இருந்துச்சு, வார்த்தைகள சேத்து அகராதிக்கு குடுத்தாங்க, பாட்டு, கதை, விடுகதைன்னு நெனவுலருந்து நூத்துக்கணக்குல எழுதிக் குடுத்தாங்க. 1893ல புதிய ஏற்பாடு, 1899ல முழு பைபிள் ஸ்விட்சர்லாந்துல அச்சாச்சு. பேரு என்னவோ ஓனேசிமோஸுக்குத்தான் போச்சு. அந்த மொழிபெயர்ப்பு பத்தி யாரு பேசினாலும் ஆஸ்டர் பேர சேத்து சொல்லணும், நீயும் உன் கூட்டத்துல சொல்லு, அவங்க இல்லாம அந்த பைபிள் ஒரோமோக்காரங்க வீட்டுப் பேச்சு மாதிரி வந்திருக்காதுங்கறது என்னோட உறுதியான எண்ணம்.

1904ல ரெண்டு பேரும் வொல்லேகாவுக்குத் திரும்பினாங்க. ஓனேசிமோஸ் அங்க நெக்கெம்தேங்கற ஊர்ல ஜனங்களோட மொழிலயே பிரசங்கம் பண்ணினாரு, ஸ்கூல் நடத்தினாரு, கூட்டம் சேந்துச்சு. ஒரோமோ தெரியாத ஆர்த்தடாக்ஸ் குருமாருங்களுக்கு அது பிடிக்கல, மாதாவ பழிக்கிறாருன்னு புகார் போயி 1906ல நாடு கடத்த உத்தரவே வந்துச்சு. பேரரசர் மெனெலிக் அத மாத்தி, ஊர்ல இருக்கலாம், பிரசங்கம் கூடாதுன்னாரு. பத்து வருஷம் அப்படியே, 1916லதான் அனுமதி. 1931ல ஓனேசிமோஸ் எறந்தாரு, ஆஸ்டர் 1964 வரைக்கும் இருந்தாங்க.

1936ல முசோலினியோட படை நாட்ட பிடிச்சதும் மிஷனரிங்கள வெளியேத்திட்டாங்க. வெள்ளக்கார ஐயரு (பாதிரியார்) இல்ல, வெளில இருந்து பணம் இல்ல, சபைய உள்ளூர் உபதேசியாருங்களும் மூப்பருங்களும் நடத்தினாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு திரும்பி வந்தவங்க, விட்டுட்டுப் போனதவிட பெருசா இருந்தத பாத்தாங்க. 1959 ஜனவரி 21ல தனி தேசிய சபையா ஆனப்ப அங்கத்தினர் சுமாரா 20,000 பேரு. நம்ம பெரிய டயோசிஸ்கள்ல (திருமண்டலங்கள்ல) இருக்குறத வச்சு பாத்தா அது ஒண்ணுமே இல்ல.

இப்ப காசு விஷயம். 1972ல இந்த சபை, பொதுச்செயலாளர் குதினா தும்சா காலத்துல, உலக லுத்தரன் சம்மேளனத்துக்கு ஒரு கடிதம் அனுப்பிச்சு. வளர்ச்சித் திட்டத்துக்குன்னா தாராளமா தரீங்க, சுவிசேஷ ஊழியத்துக்கும் சபை வேலைக்கும் கேட்டா கை இழுக்குறீங்க, மனுஷன உடம்பு வேற ஆத்துமா வேறன்னு எங்களால பிரிக்க முடியாதுன்னு அதுல சொன்னாங்க. யோசிச்சு பாரு, கோதுமைய குடுத்து ஆள் சேக்குற சபையா இருந்தா குடுக்குறவன்கிட்டயே இப்படி போயி சண்ட போடுமா?

ரெண்டு வருஷத்துல புரட்சி, தெர்க் ராணுவ ஆட்சி. மொதல்ல நிலம் உழுறவனுக்குன்னு சொன்னப்ப பல பேரு சந்தோஷப்பட்டாங்க, வொல்லேகா குடியானவனுக்கு அது பெரிய விஷயம். அப்புறம்தான் சபைய நசுக்க ஆரம்பிச்சாங்க. அடிஸ் அபாபால சம்மேளனம் நடத்தின ரேடியோ ஸ்டேஷன 1977ல அரசாங்கம் எடுத்துக்கிச்சு. 1979 ஜூலை 28ல ஆராதன முடிச்சு வந்த குதினாவ கடத்திக் கொன்னுட்டாங்க, உடல் கெடச்சது 1992லதான். நாட்ட விட்டு போக தான்சானியா அதிபர் நைரேரே வழியா ஏற்பாடு இருந்துச்சு, மந்தைய விட்டு வர மாட்டேன்னுட்டாரு. அவரோட மனைவி செஹாய் தொலெஸ்ஸாவ சித்ரவத பண்ணி கிட்டத்தட்ட 10 வருஷம் ஜெயில்ல வச்சாங்க. சபை தலைமை அலுவலகத்தயும் பிடுங்கிட்டாங்க, வொல்லேகால வரிசையா சர்ச்சுகள பூட்டினாங்க.

இந்த வருஷங்கள்லதான் சபை பெருகினது. கட்டடம் போனதும் வீட்டுல கூடினாங்க, ஐயருமாரு ஜெயிலுக்குப் போனதும் சாதாரண ஆளுங்க வசனம் சொன்னாங்க, வாலிபர் பாடகர் குழுக்கள் பாட்ட கத்துக்கிட்டு ஊர் ஊரா கொண்டு போச்சு. 70கள்லயே எழுந்த எழுப்புதலும் (பக்தி அலை மாதிரி) சேந்துச்சு, நோயாளிக்கு ஜெபம், பிசாசு துரத்துறதுன்னு. லுத்தரன்ல இதெல்லாமான்னு நம்மாளுங்க மூஞ்ச சுளிப்பாங்க, அங்கயும் மொதல்ல சுளிச்சாங்க, ஆனா வெளிய தள்ளாம உக்காந்து பேசி சபைக்குள்ளயே வச்சுக்கிட்டாங்க. என்னக் கேட்டா அவங்க எடுத்த முடிவுகள்லயே பெரிய முடிவு இதுதான்.

2013 பத்தி கேட்ட. ஒரே பாலினத் திருமணத்த ஏத்துக்கிட்டதால ஸ்வீடன் சபையோடவும் அமெரிக்காவோட பெரிய லுத்தரன் சபையோடவும் உறவ முறிச்சாங்க, உண்மதான். எனக்கு அதுல வருத்தம் உண்டு, ஒரே மேசைல உக்காந்து அப்பம் பிட்டவங்க இனி சேந்து உக்கார மாட்டோம்னு தீர்மானம் போடுறது எந்தப் பக்கமா இருந்தாலும் மனசுக்கு கஷ்டம். ஆனா அனுப்பினவங்க என்ன நெனைப்பாங்களோன்னு பயந்து முடிவெடுக்குற சபை இல்ல இது, 1972லயே அது தெரிஞ்சிருச்சே.

உன் சபைல ஆள் கொறையுறதுக்கு என்கிட்ட மருந்து இல்ல தம்பி. ஒண்ணு பண்ணு, அந்த 1972 கடிதம் சின்னதுதான், இங்கிலீஷ்ல கெடைக்குது, வாலிபர் கூட்டத்துல எல்லாருமா வாசிங்க, அந்த அண்ணனையும் பக்கத்துல உக்கார வச்சு. அவரு என்ன சொன்னாருன்னு எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா